மூக்குப்பாண்டி அடுப்பு பார்த்த கதை

என் அக்காள் பேராச்சியின் வீட்டுக்காரர் கணேசபாண்டியன் எதையும் நம்பமாட்டார். பால் பாக்கெட் வாங்கினால் தேதியைப் பார்ப்பார். பார்த்தபின் தேதியை அச்சடித்தவனைச் சந்தேகப்படுவார். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மூன்று மருந்துக் கடைகளில் காட்டி, மூவரும் ஒரே மாத்திரையைத்தான் எடுக்கிறார்களா என்று சோதிப்பார். எடுத்தால், "மூணு பேரும் கூட்டுக் களவாணி" என்பார். மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் சந்துக்காரர்களுக்கு அத்தானைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்தச் சந்தேகத்தில் பாதி பிறவியிலேயே வந்தது, பாதி தொழிலில் வந்தது. தாராவியில் முகைதீன் பாயின் குடோனில் முப்பது வருடம் டிரம் பார்த்தார். தொழிற்சாலைகளில் காலியாகி வருகிற இருநூறு லிட்டர் இரும்பு டிரம். அதில் எண்ணெய் வந்திருக்கும், பெயிண்ட் வந்திருக்கும், கிளிசரின் வந்திருக்கும், பூச்சிமருந்தும் வந்திருக்கும். மேலே ஒட்டிய சீட்டு பாதி நேரம் கிழிந்திருக்கும், மீதி நேரம் பொய் சொல்லும். அத்தான் மூடியைத் திறந்து மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுப்பார். வட்டம் போட்டால் அந்த டிரம்மைக் கழுவித் தண்ணீர் பிடிக்கலாம். பெருக்கல் போட்டால் வெட்டித் தகடாக்கத்தான் ஆகும்.

மூக்குக்கே சந்தேகம் வந்துவிட்டால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். கொதிக்கிற தண்ணீரை உள்ளே ஊற்றி உருட்டி, மூடி வைத்து, ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து ஆவியில் முகத்தைக் காட்டுவார். குளிர்ந்த இரும்பு மறைப்பதைச் சுட்ட இரும்பு கக்கிவிடும் என்பார். கேம்பில் பாதி வீடுகளில் அவர் வட்டம் போட்ட டிரம்மில்தான் தண்ணீர் பிடித்தோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூக்குப்பாண்டி என்ற பெயர் அப்படித்தான் வந்தது, அந்தப் பெயரில் அவருக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

வெள்ளிக்கிழமைகளில் பூச்சிமருந்து டிரம் வரும். அன்றைக்கு வீடு திரும்பியதும் சட்டையைக் கழற்றி வாசலுக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டு, பொதுக் குழாயில் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் உள்ளே கால் வைப்பார். அவர்களுடைய ஒரே மகள் கீதா அப்போது சின்னப் பிள்ளை. அப்பா என்று ஓடிவருவாள். "ஏட்டி, கிட்ட வராத! அங்கயே நில்லு!" என்று சந்தே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவார். மற்ற நாட்களில் மகளைத் தோளிலிருந்து இறக்கமாட்டார். வெள்ளிக்கிழமை மட்டும் இப்படி. அந்தச் சட்டையை அக்காள் குச்சியால் தூக்கித்தான் வாளியில் போடுவாள்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் அத்தானுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாளில் போனது. போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஊரில் எல்லோருக்கும் வாசனை திரும்பி வந்தது, அவருக்கு வரவில்லை. அதை ஒருவரிடமும் சொல்லாமல் குடோனுக்குப் போயிருக்கிறார் மனுஷர். பதினோரு நாள் சீட்டைப் பார்த்து, அடியில் கிடக்கிற கசடின் நிறத்தைப் பார்த்து, டிரம் கொண்டுவந்தவனின் முழியைப் பார்த்து வட்டமும் பெருக்கலும் போட்டிருக்கிறார். பன்னிரண்டாம் நாள் அவர் வட்டம் போட்ட ஒரு டிரம்மில் முகைதீன் பாய் தற்செயலாகக் குனிந்துவிட்டு நிமிர்ந்து, "பாண்டி, ஏ க்யா ஹை? என்னது இது?" என்றாராம். உள்ளே இருந்தது பூச்சிமருந்து. அதைத் தண்ணீருக்கு வாங்கிப் போக ஒரு குடும்பம் கைவண்டியோடு வாசலில் நின்றிருக்கிறது.

அத்தான் சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. ஊருக்குச் சொன்ன காரணம் முழங்கால் வலி. உண்மை அக்காளுக்கும் எனக்கும்தான் தெரியும். கெட்டு நுரைத்த மீன்குழம்பை அவர் சோற்றில் பிசைந்து நிம்மதியாகச் சாப்பிட்டதைப் பார்த்து அக்காள் கண்டுபிடித்துவிட்டாள். "கீதாவுக்குத் தெரிஞ்சா நான் செத்ததுக்குச் சமானம்" என்று எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். முன்பாவது மோந்து பார்த்துவிட்டு நம்பினார், இப்போது அதற்கும் வழியில்லை. எனக்கு அவர்மேல் இரக்கத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வரும். இரக்கப்பட அவர் இடம் கொடுத்தால்தானே.

இனி அடுப்புக் கதைக்கு வருகிறேன். கீதா கல்யாணமாகி செம்பூரில் இருக்கிறாள். ஐந்து மாடிக் கட்டடத்தில் கடைசி மாடி, அதற்கு மேலே மொட்டை மாடி. மாப்பிள்ளை சுரேந்திரன் உல்லாஸ்நகரில் பிறந்து வளர்ந்தவன். நல்ல பையன், கோபம் வந்தால் மட்டும் இந்திக்குப் போய்விடுவான். இந்த வருடம் கீதா உண்டானாள். மூன்று மாதத்தில் நிற்க வேண்டிய வாந்தி ஐந்தாவது மாதத்திலும் நிற்கவில்லை. காரணம் வாசனை. கடுகு தாளித்தால் வாந்தி, சோறு கொதித்தால் வாந்தி, கீழ்வீட்டில் வெங்காயம் வதக்கினால் மேலே இவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். பிஸ்கட்டும் மோரும்தான் ஆகாரம். போன தடவை எடை பார்த்த டாக்டரம்மா, பிள்ளை வளரவில்லை, மீன் முட்டை எதையாவது சாப்பிட வையுங்கள் என்று சுரேந்திரனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

அவன் ஒரு யோசனை கண்டுபிடித்தான். சமையலை வீட்டைவிட்டே வெளியேற்றிவிடுவது. மொட்டை மாடியில் ஒரு பார்பிக்யூ அடுப்பு வைத்து, எண்ணெய் தாளிப்பு இல்லாமல் மீனைச் சுட்டுக் கொடுத்தால் புகை மேலே போய்விடும். கீதாவே, "சுட்ட மீனுன்னா தின்னுருவேன்னு தோணுது" என்று வாய்திறந்து கேட்டாள். இரண்டு மாதத்தில் அவள் கேட்ட முதல் தீனி அது. நான்காம் மாடியில் இருக்கிற குடியிருப்போர் சொசைட்டி செக்ரெட்டரி பத்ரிநாராயணன் சுத்த சைவம். ஆனாலும் பிள்ளைத்தாச்சி என்று கேட்டதும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கிலிருந்து ஐந்து வரை, அதற்கு மேல் ஒரு நிமிடம் கிடையாது என்று சம்மதித்தார்.

அடுப்பு வாங்கப் போகும்போது கீதா, "அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. அவரு பாத்துச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி" என்றாள். அங்கே பிடித்தது சனி.

முதலில் என் டெம்போவில் வாஷிக்குப் போனோம். பெரிய கடை. மூன்று பர்னர், மூடி, சக்கரம், உள்ளே சூடு காட்டும் முள் எல்லாம் வைத்த கேஸ் அடுப்பு. விற்கிற பெண் இந்தியில் அரைமணி நேரம் அதன் பெருமையைப் பாடினாள். அத்தான் பாட்டைக் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து அடியில் போகிற ரப்பர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல கேஸ் கசிஞ்சா எப்படித் தெரியும்?"

"வாசம் வரும்ல மாமா" என்றான் சுரேந்திரன்.

அத்தான் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "இது வேண்டாம் மாப்ள."

"ஏன் மாமா? பக்கா ஸ்டீலு. வாரன்டி இருக்கு."

"வேண்டாம்னா வேண்டாம்."

எனக்குக் காரணம் புரிந்தது. மாப்பிள்ளைக்கு எப்படிப் புரியும்?

அடுத்த நாள் செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பாத்திரக்கடை. இங்கே கரி அடுப்பு. வெள்ளியாய் மின்னியது. அத்தான் தகட்டைச் சாய்த்து வெயிலில் காட்டினார். "பூப்பூவாத் தெரியுதா? இது நாகம், துத்தநாகம் பூசுன தகடு. மழைத் தண்ணி போற குழாய்க்கு நல்லது, தீக்கு ஆகாது. சூடேறுனா பூச்சு புகையும். அந்தப் புகையைக் குடிச்சிட்டு வெல்டிங்காரன் ரெண்டு பேரு குளிர் காய்ச்சல்ல கெடந்ததை நான் பாத்திருக்கேன்." கடைக்காரர் அந்த அடுப்பைப் பழையபடி உள்ளே தள்ளி வைத்தார். சுரேந்திரன் மாமனாரை மரியாதையாகப் பார்த்தான். அன்றைக்கு எனக்கே அவர்மேல் மதிப்பாக இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அதே கடையில் கறுப்புத் தகட்டில் கனமான கரி அடுப்பு ஒன்று இருந்தது. கால் ஆடவில்லை, சாம்பல் விழத் தனித்தட்டு, தீயைக் கூட்டவும் குறைக்கவும் காற்றுத் துவாரம், கம்பிவலையை இரண்டு உயரத்தில் மாட்டலாம். நான் வாங்கியிருப்பேன். அத்தான் உள்ளே பூசிய கறுப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்து, என்ன பெயிண்ட் என்று கேட்டார். சூடு தாங்கும் பெயிண்ட் என்றார் கடைக்காரர். "அப்படின்னு யாரு சொன்னா?" கம்பெனி சொன்னது. "கம்பெனிக்கு யாரு சொன்னா?" கடைக்காரர் எங்களை விட்டுவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். கரண்டில் ஓடுகிற அடுப்பு ஒன்று பாக்கி இருந்தது. மழைக்காலம் வருகிறது, மொட்டை மாடியில் பிளக்கு எதற்கு என்று அதையும் கழித்துக்கட்டினார்.

இப்படியே இரண்டு வாரம் ஓடியது. இதற்குள் கீதா இன்னும் ஒரு கிலோ இறங்கிவிட்டாள். மாப்பிள்ளையின் பொறுமையும் அதோடு போனது. "மாமாக்குக் காரணமே வேண்டாம். முதல்ல வேண்டாம்னு சொல்லிட்டு அப்புறம் காரணம் தேடறாரு" என்று என்னிடம் குமுறினான். அவன் சொன்னதில் தப்பில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் கீதா போன் செய்தாள். அடுப்பு வந்துவிட்டது, மீன் வாங்கியாகிவிட்டது, எல்லோரும் வாருங்கள் என்றாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

மொட்டை மாடியில் போய்ப் பார்த்தேன். வெளியே மட்டும் கறுப்பு அடித்து, நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, கீல் வைத்து மூடியும் காலும் போட்ட ஒரு இருநூறு லிட்டர் டிரம். இணையத்தில் ஏதோ ஒரு கடை. பழைய பொருளைப் புதுசாக்குகிறோம், பூமியைக் காப்பாற்றுகிறோம் என்று எழுதியிருந்ததாம். எண்ணெய் வந்த டிரம், எரித்துச் சுத்தம் செய்தது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அத்தான் அதைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். விளிம்பை விரலால் தடவினார். டிரம்மின் வட்டத்தட்டும் உடம்பும் சேர்கிற இடத்தில் தகடு மடிந்திருக்கும். உள்ளே இருந்த சரக்கு எவ்வளவு கழுவினாலும் அந்த மடிப்பில் கொஞ்சம் தங்கிவிடும். இதை எனக்குச் சொன்னவரே அவர்தான்.

"இது வேண்டாம் மாப்ள" என்றார்.

"தெரியும் மாமா. நீங்க வேண்டாம்னுதான் சொல்லுவீங்க" என்று சிரித்தான் சுரேந்திரன். அந்தச் சிரிப்பில் சிரிப்பு இல்லை. "ஆனா இது உங்க சப்ஜெக்ட். முப்பது வருஷம் டிரம் பாத்தவரு நீங்க. மோந்து பாத்துச் சொல்லுங்க. கெட்ட வாசம் வருதுன்னா இப்பவே திருப்பி அனுப்பறேன். வரலைன்னா அடுப்பைப் பத்த வைக்கறேன். கீதா காலையிலேர்ந்து ஒண்ணும் தின்னலை."

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நாற்காலி போட்டு கீதா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் மசாலா தடவிய இரண்டு வாவல் மீன் மூடிய டப்பாவில் இருந்தது. "பாத்துச் சொல்லுங்கப்பா" என்றாள் அவளும்.

அத்தான் அக்காளைப் பார்த்தார். "ஏளா, ஒரு பானை வெந்நி போட்டுக் கொண்டா."

வெந்நீர் வந்தது. அவர் அதை டிரம்மின் ஓரமாக, மடிப்பு நனையும்படி ஊற்றினார். மூடியைச் சாத்தினார். ஐந்து நிமிடம் காத்திருந்தோம். படியில் பத்ரிநாராயணனின் தலை தெரிந்தது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வந்தாராம். டப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

அத்தான் மூடியைத் தூக்கினார். ஆவி எழுந்தது. குனிந்து, முகத்தை உள்ளே விட்டு, பழையபடி ஒரு இழுப்பு இழுத்தார். இன்னொரு இழுப்பு. மூன்றாவது முறையும் இழுத்தார். வருகிறது என்று ஒரு பொய்யைச் சொல்லித் தொலையுமே என்று மனசுக்குள் மன்றாடினேன். ஒரே சொல்லில் முடிந்துவிடும், சத்தியமும் காப்பாற்றப்படும்.

"என்ன மாமா, வருதா? என்ன சரக்குன்னு சொல்லுங்க. அனுப்பினவன்கிட்ட நான் பேசணும்."

அத்தான் நிமிர்ந்தார். முகமெல்லாம் ஆவித் தண்ணீர்.

"எனக்குத் தெரியல மாப்ள" என்றார். "எனக்கு மூக்கு போயி நாலு வருசமாச்சு. ஒண்ணும் தெரியாது. சாக்கடையும் சாம்பிராணியும் எனக்கு ஒண்ணுதான்."

சுரேந்திரன் கேட்டான்: "அப்ப... முழங்கால் வலி?"

"முழங்காலு நல்லாத்தான் இருக்கு. மோந்து பாக்காமலே வட்டம் போட்டு ஒரு குடும்பத்தையே கொல்லப் பாத்தேன். அதோட விட்டுட்டேன். நாகத் தகடுன்னு சொன்னது நெசம். மத்ததெல்லாம் பயத்துல சொன்னது. இதையும் பயத்துலதான் வேண்டாங்குதேன். இதுல மருந்து இருந்துச்சோ, தேங்காயெண்ணெய் இருந்துச்சோ, சத்தியமா எனக்குத் தெரியாது. தெரியாமச் சரின்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

அக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருபது வருடமாக அந்த மனுஷரைக் கிண்டல் செய்திருக்கிறேன், அன்றைக்கு அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"காயகூ மாமா, ஏன் மறைச்சீங்க, முதல்லயே சொல்லியிருந்தா..." என்று சுரேந்திரன் ஆரம்பித்தான். அதற்குள் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கீதா எழுந்து வந்துகொண்டிருந்தாள். இட்லி வேகிற ஆவிக்கே வாந்தி எடுக்கிறவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராக டிரம்மிடம் வந்தாள். அத்தான் கையை நீட்டித் தடுப்பதற்குள் குனிந்து ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிட்டாள்.

"ஏட்டி! கிட்ட வராத!"

அதே கத்தல். நான்கு அடி பின்வாங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீதா ஓங்கரித்தாள். வயிற்றில் ஒன்றுமில்லாததால் ஒன்றும் வரவில்லை. அக்காள் ஓடிப்போய் நெற்றியைப் பிடித்தாள். கொஞ்சநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீதா சொன்னாள்: "மருந்து டிரம்முப்பா. உங்க வெள்ளிக்கிழமைச் சட்டை."

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. அத்தானுக்கு மட்டும் விளங்கியது.

"அந்தச் சட்டை வாசம் ஒனக்கு எப்படித் தெரியும்? உன்னைக் கிட்டயே வர விட்டதில்லையே!"

"நீங்க குளிச்சிட்டு வர நேரமாகும்லப்பா" என்றாள் கீதா. "அதுவரைக்கும் ஆணியில தொங்குத சட்டையைக் கட்டிப் பிடிச்சிட்டு நிப்பேன்."

அத்தான் மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்படி ஒரு அழுகையை அவரிடம் நான் பார்த்ததில்லை, அவருடைய அம்மா செத்த அன்றைக்குக்கூட. "எதுக்குட்டி நான் அந்தக் கத்து கத்துனேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கீதா பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் ஆகலையேப்பா, நல்லாத்தான இருக்கேன்" என்று அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

சுரேந்திரன் டிரம்மை இழுத்து மாடியின் மூலைக்குக் கொண்டுபோனான். "ஸாரி மாமா" என்று ஒரு தரம் சொன்னான், பிறகு இன்னொரு தரம் சொன்னான். அத்தான் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து, பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, கறுப்பு மூடியின்மேல் ஒரு பெருக்கல் போட்டார். ஒரு கோடு கோணலாக விழுந்தது.

மணி நாலேகால். பத்ரிநாராயணன் கொடுத்த நேரத்தில் முக்கால்மணிதான் பாக்கி, மீன் டப்பாவிலேயே கிடந்தது. தொட்டிக்குப் பின்னால் மராமத்து வேலையில் மிஞ்சிய செங்கல் அடுக்கு ஒன்று இருந்தது. நானும் சுரேந்திரனும் ஆறு கல்லைத் தூக்கிவந்து இரண்டு வரிசையாக வைத்தோம். அக்காள் கீழே போய் சப்பாத்தி சுடுகிற கம்பிவலையை எடுத்துவந்தாள். கரியைக் கொட்டப் போனேன்.

"பொறுல பிரமு" என்றார் அத்தான். பானையில் மிஞ்சிய வெந்நீரைக் கல்லின்மேல் தெளித்தார். ஆவி வந்தது. அவர் குனியவில்லை, மகளைப் பார்த்தார். "நீ பாத்துச் சொல்லு."

கீதா தள்ளி நின்றே மெதுவாக மூச்சை இழுத்தாள். "வெறும் மண்ணு வாசம்தாம்ப்பா."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன்."

அவர் முன்னாலிருந்த செங்கலின்மேல் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். நான்கு வருடத்தில் அவர் போட்ட முதல் வட்டம் அது. அன்றைக்குக் கீதா இரண்டு மீனையும் முள் மட்டும் மிஞ்சும்படி தின்றாள்.